மகள் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் சர்வர் விழித்தால் போதும்

கேள்வி: மகன் கல்லூரிக் காலத்தில் கட்டிய கேமிங் கணினியை வீட்டு மீடியா சர்வராக ஓட்டி வருகிறேன். இன்டெல் கோர் ஐ7-4770, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ். உபுண்டு ஒரு சிறிய எஸ்எஸ்டியில் இருக்கிறது. படங்களும் குடும்ப வீடியோக்களும் 4 டிபி ஹார்டு டிஸ்க் ஐந்தில் இருக்கின்றன. அவற்றை மற்ற கருவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள் இரவு பகலாக ஓடுகிறது. யாரும் பார்க்காத நேரத்திலும் ஸ்மார்ட் பிளக் 92 வாட் காட்டுகிறது. போன ரசீது 580 யூனிட். மகள் மியூனிக்கில் இருக்கிறாள். அவள் மாலையில் பார்ப்பதற்காகவே அணைக்காமல் வைத்திருக்கிறேன். முன்பு வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருந்தேன். ஃபைபர் இணைப்பை மாற்றியதிலிருந்து அது வேலை செய்யவில்லை. 20,000 ரூபாய் அளவில் இன்டெல் என்100 ப்ராசசர் உள்ள ஒரு மினி பிசி வாங்கிவிடலாமா?
— மதுரை வாசகர்

பதில்: வணக்கம். மினி பிசிக்கு இப்போது பணம் போட வேண்டாம். உங்களிடம் இருக்கும் கணினியையே தூங்க வைத்து, தேவைப்படும்போது வெளியிலிருந்து எழுப்பினால், கிட்டத்தட்ட அதே மிச்சம் கிடைக்கும். கணக்கைப் பார்த்துவிட்டு வேலைக்கு வருவோம்.

92 வாட் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 2.2 யூனிட். இரண்டு மாத ரசீதில் 132 யூனிட். அதாவது உங்கள் 580இல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த ஒரு பெட்டிக்குப் போகிறது. அதைவிட முக்கியம், 500 யூனிட் என்ற கோடு. 2024 ஜூலையில் வந்த கட்டண அட்டவணைப்படி, 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குப் பாதி விலைதான். தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், 501ஆவது யூனிட்டிலிருந்து ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். ஆகவே நமக்கு வேண்டியது 80 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலான மிச்சம். அதற்குக் குறைந்தால் கை வலிக்க வேலை பார்த்தும் ரசீதில் பெரிதாகத் தெரியாது.

கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி, டிஸ்க்குகளை ஓய்வுக்கு அனுப்பி, பயாஸை (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள்) சரிசெய்தால் 92 வாட் 45 முதல் 50 வாட்டுக்கு இறங்கும். 48 என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 69 யூனிட். மிச்சம் 63தான், கோட்டுக்கு இந்தப் பக்கம் வர அது போதாது. தூக்கத்தையும் சேர்த்தால்: ஒரு நாளில் 5 மணி நேரம் விழித்திருந்து 55 வாட், மீதி 19 மணி நேரம் தூக்கத்தில் 3 வாட், எழுப்புவதற்கென எப்போதும் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவுக் கணினிக்கு 3 வாட். கூட்டினால் நாளுக்கு 0.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 24. மிச்சம் 108. உங்கள் ரசீது 472க்கு வரும்.

இப்போது மினி பிசியை எடுத்துக்கொள்ளுங்கள். என்100 பெட்டி சும்மா இருக்கும்போது சுவர் பிளக்கில் 6 முதல் 10 வாட் எடுக்கும். ஐந்து டிஸ்க்கும் தூங்கினாலும் ஒவ்வொன்றும் முக்கால் வாட் அளவில் எடுக்கும். அவற்றை மாட்டும் யூஎஸ்பி பெட்டிக்கும் அதன் அடாப்டருக்கும் இன்னும் 2, 3 வாட். ஆக மொத்தம் 15 வாட், 24 மணி நேரமும். இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட். தூங்கும் பழைய கணினிக்கும் விழித்தே இருக்கும் புதிய மினி பிசிக்கும் 3 யூனிட்கூட வித்தியாசம் இல்லை. மினி பிசியின் நன்மை வேறு: காத்திருக்காமல் உடனே திறக்கும், எச்.265 10 பிட் என்ற புதிய வடிவ வீடியோவையும் சிரமமில்லாமல் மாற்றித் தரும். பழைய மதர்போர்டு ஒரு நாள் நின்றுபோகும்போது வாங்குங்கள். அப்போதும் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் அலுவலகங்களிலிருந்து வரும் 8ஆம் தலைமுறை ஐ5 சின்னப் பெட்டிகளையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். அவையும் 10 வாட்டை ஒட்டித்தான் சும்மா இருக்கும், எச்.265 10 பிட்டும் அவற்றுக்கு எளிது.

இனி வேலை. ஸ்மார்ட் பிளக்கை மாட்டியே வைத்திருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பத்து நிமிடம் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து மாற்றங்களை ஒரே நாளில் செய்துவிட்டால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

முதலில் ஜிடிஎக்ஸ் 1060ஐக் கழற்றுங்கள். எந்த வேலையும் இல்லாதபோதே சுவரில் 10 முதல் 15 வாட் அதனுடையது. ஐ7-4770க்குள் எச்டி 4600 கிராஃபிக்ஸ் இருக்கிறது. மானிட்டர் கேபிளை மதர்போர்டு முகப்புக்கு மாற்றினால் போதும். ஜெல்லிஃபினில் டிரான்ஸ்கோடிங் (பார்ப்பவரின் கருவிக்கு ஏற்றபடி வீடியோவை மாற்றுவது) பக்கத்தில் என்விடியா என்பதை எடுத்துவிட்டு விஏ-ஏபிஐ என்பதைத் தேர்ந்தெடுங்கள். க்யூஎஸ்வி என்றும் ஒரு தேர்வு தெரியும். அதற்கு வேண்டிய புதிய லினக்ஸ் டிரைவர் 5ஆம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு தருகிறது. உங்களுடையது 4ஆம் தலைமுறை என்பதால் க்யூஎஸ்வி வைத்தால் படம் ஓடாமல் பிழைச் செய்திதான் வரும். அதே பக்கத்தில் எச்.264 மட்டும் டிக் செய்யுங்கள். எச்.265ஐ எச்டி 4600 விரிக்காது, அந்த வேலை ப்ராசசர் தலையில் விழும். மின்சாரமும் அங்கேதான் போகும்.

இதனால் அடுத்த கேள்வி வருகிறது: மகள் பார்க்கும்போது டிரான்ஸ்கோடிங் நடக்க வேண்டிய அவசியம் என்ன? ஒரு படம் ஓடும்போது டாஷ்போர்டில் அந்த அமர்வைத் திறந்தால் காரணத்தை ஜெல்லிஃபினே எழுதியிருக்கும். உங்களைப் போன்ற சேகரிப்பில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. கல்யாண வீடியோக்கள்: வீடியோகிராபர் பென் டிரைவில் தரும் கோப்புகள் நொடிக்கு 40, 50 மெகாபிட் ஓட்டத்தில் இருக்கும். கடல் கடந்து அது சீராகப் போகாது. இவற்றை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.264 ஆக, ஆர்எஃப் (தர அளவு) 20 அல்லது 21 வைத்து ஒரே ஒரு முறை மாற்றி வையுங்கள். மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், அழிக்காதீர்கள். இரண்டாவது, படமாக உள்ள சப்டைட்டில்கள். ப்ளூரேயிலிருந்து வந்த பிஜிஎஸ் வகையைப் பல செயலிகளுக்கு வீடியோ மேலேயே பதித்து அனுப்ப வேண்டியிருப்பதால் மொத்தப் படமும் மாற்றப்படும். எழுத்தாக உள்ள எஸ்ஆர்டி கோப்பாக இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. மூன்றாவது, மகளின் செயலியில் தரம் ‘ஆட்டோ’ என்று இருப்பது. தூரம் காரணமாக வேகத்தைக் குறைவாக அளந்து, தேவையே இல்லாமல் சுருக்கித் தரச் சொல்லும். ‘அதிகபட்சம்’ என்று மாற்றச் சொல்லுங்கள். டிடிஎஸ் ஒலியை மட்டும் மாற்றுகிறது என்று காட்டினால் அதை விட்டுவிடலாம், அதற்கு ஆகும் மின்சாரம் அற்பம்.

அடுத்து பயாஸ். ப்ராசசர் ஓய்வெடுக்கும் நிலைகளான சி-ஸ்டேட் எல்லாவற்றையும் ‘எனேபிள்’ செய்யுங்கள். பேக்கேஜ் சி-ஸ்டேட் ‘ஆட்டோ’வில் இருந்தால் ஆழமான எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஓவர்கிளாக் ஏதாவது மகன் விட்டுப்போயிருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு உபுண்டுவில் மின் பயன்பாட்டைக் காட்டும் பவர்டாப் நிறுவி, அதன் ‘ஆட்டோ டியூன்’ வசதியை ஓடவிடுங்கள். ‘ஐடில் ஸ்டேட்ஸ்’ பக்கத்தில் பேக்கேஜ் வரிசை சி6, சி7 வரை போகிறதா என்று பாருங்கள். சி2 அல்லது சி3யிலேயே நின்றால் ஏதோ ஒரு கார்டு தூங்க மறுக்கிறது என்று அர்த்தம். ஐந்து டிஸ்க்குக்காகக் கூடுதல் சாட்டா கார்டு போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். மதர்போர்டிலேயே ஆறு சாட்டா முகப்பு இருந்தால் எல்லாவற்றையும் அங்கே மாற்றிக் கார்டைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டாம். 650 வாட் அலகு 50 வாட் சுமையில் திறமையாக ஓடாது என்பது உண்மை. ஆனால் நாளுக்கு 5 மணி நேரம் மட்டும் விழித்திருக்கும் கணினியில் அந்த நஷ்டம் இரண்டு மாதத்துக்கு ஒன்று இரண்டு யூனிட்தான். சின்ன அலகு போடுவதில் ஆபத்தும் உண்டு: 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஐந்தும் ஒன்றாகக் கிளம்பினால் 100 வாட்டுக்கு மேல்.

டிஸ்க்குகளுக்கு வருவோம். சுழன்றுகொண்டு சும்மா இருக்கும் 3.5 அங்குல டிஸ்க் 4 முதல் 6 வாட், 7200 சுற்று வகை இன்னும் கொஞ்சம் அதிகம். ஐந்துக்கும் சேர்த்து 25 வாட் என்று வையுங்கள். இதற்காகப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் கொட்டலாம் என்று பலரும் யோசிப்பார்கள். நாலு டிஸ்க் குறைந்தால் மிச்சம் 20 வாட். அதே 20 வாட், இருக்கும் டிஸ்க்குகளைத் தூங்கவிட்டால் செலவே இல்லாமல் கிடைக்கிறது.

எச்டிபார்ம் கட்டளையில் எஸ் மதிப்பைக் கொடுத்து, டிஸ்க் எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் தூங்க வேண்டும் என்பதை அமைக்கலாம். இதில் ஒரு குழப்பம் உண்டு. 1 முதல் 240 வரை ஒவ்வொரு எண்ணும் 5 நொடி, ஆகவே 240 என்றால் 20 நிமிடம். 241இலிருந்து கணக்கு மாறி ஒவ்வொரு எண்ணும் அரை மணி நேரம். 241 என்றால் 30 நிமிடம், 242 என்றால் ஒரு மணி நேரம். 241 வையுங்கள். இன்னும் மிச்சம் பிடிக்கிறேன் என்று 5 நிமிடம் வைத்தால் படத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் டிஸ்க் நின்று மறுபடி கிளம்பும். நாளுக்கு ஐந்தாறு முறை கிளம்புவது டிஸ்க்குக்குப் பொருட்டே இல்லை. ஐம்பது அறுபது முறை என்றால் ஆயுளைத் தின்னும். கட்டளை கொடுத்தும் டிஸ்க் தூங்காவிட்டால் ஏபிஎம் (டிஸ்க்கின் மின்சேமிப்பு) நிலையைப் பாருங்கள்: 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் தூங்க அனுமதி இல்லை, 127க்கு இறக்க வேண்டும்.

தூங்கிய டிஸ்க்கை யாராவது எழுப்பிக்கொண்டே இருப்பதுதான் நடைமுறையில் பெரிய தலைவலி. டிஸ்க் நலத்தைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி என்ற சேவை அரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு டிஸ்க்கையும் விசாரிக்கும். நம் டைமரும் அரை மணி நேரம் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். அதன் அமைப்புக் கோப்பில், டிஸ்க் ‘ஸ்டாண்ட்பை’யில் இருந்தால் தொடாதே என்ற விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள். ஜெல்லிஃபினில் போஸ்டர் படங்களை மீடியா ஃபோல்டரிலேயே சேமிக்கும் தேர்வு இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மகள் பட்டியலைப் புரட்டும்போதே ஐந்து டிஸ்க்கும் எழுந்துவிடும். எஸ்எஸ்டியில் இருந்தால் பட்டியல் வேகமாகவும் வரும், தேர்ந்தெடுத்த படம் உள்ள டிஸ்க் மட்டும் எழும். டோரன்ட் செயலி ஏதேனும் பின்னால் பகிர்ந்துகொண்டிருந்தால் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஐந்து டிஸ்க்கையும் ரெய்டு 5 என்ற ஒரே தொகுப்பாகக் கட்டியிருந்தால் ஒரே ஒரு பாட்டுக்கும் ஐந்தும் சுழலும். அப்படியிருந்தால் உடனே பிரிக்கச் சொல்ல மாட்டேன், தரவு போய்விடும் அபாயம் அதிகம். தனித்தனி டிஸ்க்குகளாக இருந்தால் அப்படியே விடுங்கள். ஒரே ஃபோல்டராகத் தெரிய வேண்டுமென்றால் மெர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருள் போதும்.

இதுவரை சொன்னது பாதி. இனி சொல்வதில்தான் மகளுக்குத் தடையில்லாமல் கிடைப்பதா இல்லையா என்பது இருக்கிறது.

உங்கள் போர்ட் திறப்பு வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் சிஜிநாட். புதிய ஃபைபர் நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது. ரவுட்டரின் வேன் (வெளிப்பக்க இணைய) முகவரியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், சிஜிநாட்தான். உள்ளே வர வழி இல்லை, வெளியே போகும் இணைப்பின் வழியாகத்தான் வர முடியும். அதற்கு, உங்கள் கருவிகளை மட்டும் ஒரு தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் பொருத்தமானது. வயர்கார்டு என்ற விபிஎன் முறையின் அடிப்படையில் இயங்குவது, வீட்டு உபயோகத்துக்குக் கட்டணமில்லாத திட்டம் இருக்கிறது. சர்வரிலும், ராஸ்பெர்ரி பையிலும், மகளின் கைபேசி, மடிக்கணினி, ஆண்ட்ராய்டு டிவியிலும் நிறுவுங்கள். ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கும் எந்த வழியையும் இனித் தேட வேண்டாம்.

மூன்று இடங்களில் இது காலை வாரும். ஒன்று, டெய்ல்ஸ்கேலின் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு நாள் திடீரென்று மகளுக்கு எதுவும் கிடைக்காது. நிர்வாகப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பைக்கும் சர்வருக்கும் ‘கீ எக்ஸ்பைரி’யை இன்றே நிறுத்திவிடுங்கள். இரண்டு, இரு வீடுகளும் நேரடியாக இணைய முடியாவிட்டால் டெர்ப் என்ற இடைநிலைச் சர்வர் வழியாகப் போகும். செய்தி அனுப்ப அது போதும், வீடியோ திணறும். டெய்ல்ஸ்கேலின் பிங் கட்டளை டெர்ப் என்று காட்டிக்கொண்டே இருந்தால் இரு வீட்டு ரவுட்டர்களிலும் ஐபிவி6ஐ இயக்குங்கள். பெரும்பாலும் நேரடி வழி திறந்துவிடும். மூன்று, 100இல் தொடங்கும் டெய்ல்ஸ்கேல் முகவரியை ஜெல்லிஃபின் வெளியாள் என்று கருதி, இணைய வேக வரம்பைப் போட்டு டிரான்ஸ்கோடிங்கைத் தொடங்கும். நெட்வொர்க்கிங் பக்கத்தில் ‘லேன் நெட்வொர்க்ஸ்’ என்ற இடத்தில் 100.64.0.0/10 என்பதையும், அதோடு உங்கள் வீட்டு முகவரி வரிசையையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுப்பும் வேலைக்கு வேக் ஆன் லேன். தூங்கும் கணினியின் நெட்வொர்க் கார்டு மட்டும் அரைக்கண் திறந்து, தனக்கான ஒரு குறிப்பிட்ட செய்திக்குக் காத்திருக்கும். அந்தச் செய்தி வீட்டு நெட்வொர்க்குக்குள் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படுவது. ரவுட்டரைத் தாண்டாது, டெய்ல்ஸ்கேல் வழியாகவும் வராது. மியூனிக்கிலிருந்து நேரடியாக எழுப்ப முயன்று தோற்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். அதற்காகத்தான் வீட்டுக்குள் ராஸ்பெர்ரி பை. மகள் டெய்ல்ஸ்கேல் வழியாகப் பைக்கு வருவாள், பை வீட்டுக்குள்ளிருந்து எழுப்பும். பையில் அப்ஸ்நாப் என்ற திறந்த மூல மென்பொருளை நிறுவினால் உலாவியில் ஒரு பொத்தானை அழுத்துவதோடு வேலை முடியும். பழைய பை 3 போதும், லேன் கேபிளில் மாட்டுங்கள். வீடியோ பை வழியாகப் போகக் கூடாது. சர்வரிலும் டெய்ல்ஸ்கேல் போடச் சொன்னது அதனால்தான். எழுந்தபின் சர்வர் நேரடியாக மகளோடு பேசும், பை ஒதுங்கிக்கொள்ளும்.

சர்வர் பக்கத்தில்: பயாஸில் ‘வேக் ஆன் லேன்’ அல்லது ‘பவர் ஆன் பை பிசிஐ-ஈ’ என்பதை இயக்குங்கள். அதே பக்கத்தில் ‘ஈஆர்பி’ என்று மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஒரு தேர்வு இருக்கும். பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு இயக்கிவிடாதீர்கள். கணினி அணைந்திருக்கும்போது நெட்வொர்க் கார்டுக்குப் போகும் மின்சாரத்தையே அது வெட்டிவிடும், பிறகு யார் கூப்பிட்டாலும் எழாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: கணினியைத் தூங்க வைத்துவிட்டுப் பின்பக்கம் லேன் முகப்பின் விளக்கைப் பாருங்கள். எரிந்தால் உயிர் இருக்கிறது. உபுண்டுவில் ஈத்டூல் கட்டளையில் வேக் ஆன் நிலை ‘ஜி’ என்று இருக்க வேண்டும். கட்டளையாகக் கொடுத்தால் அடுத்த முறை இயக்கும்போது அழிந்துவிடும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளான் கோப்பில் எழுதினால் நிலைக்கும். ‘யூ’ அல்லது ‘பி’ எழுத்துகளும் சேர்ந்திருந்தால் வீட்டில் எந்தக் கைபேசி முணுமுணுத்தாலும் சர்வர் எழுந்துவிடும். ‘ஜி’ மட்டும் வையுங்கள். மேசையை அசைத்தாலே எழுகிறது என்றால் மவுஸைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபையில் இதை நம்ப வேண்டாம், சர்வருக்குக் கேபிள்தான்.

தானாகத் தூங்க ஆட்டோசஸ்பெண்ட் என்ற மென்பொருள் உபுண்டுவின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. எதை ‘வேலை’ என்று கருத வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். 8096 போர்ட்டில் யாராவது இணைந்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்வது எல்லோரும் செய்யும் தவறு. மகள் டிவியில் செயலியைத் திறந்தபடி தூங்கப் போனால் இணைப்பு விடிய விடிய இருக்கும், சர்வரும் விழித்திருக்கும். அதற்குப் பதிலாக ஜெல்லிஃபினின் அமர்வுப் பட்டியலைக் கேட்டு, ‘இப்போது ஓடுவது’ என்ற விவரம் யாரிடமாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு டாஷ்போர்டில் ஒரு ஏபிஐ சாவி உருவாக்கித் தர வேண்டும். அதோடு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக யாராவது உள்ளே இருக்கிறார்களா, கோப்புப் பகிர்வு நடக்கிறதா, ஹேண்ட்பிரேக் ஓடுகிறதா என்ற மூன்றையும் சேருங்கள். கடைசி அசைவிலிருந்து 20 நிமிடம் என்பது நல்ல இடைவெளி.

தூக்கம் என்று நான் சொல்வது எஸ்3 நிலை. ராமுக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் மட்டும் மின்சாரம் போகும், 2 முதல் 4 வாட். எழுந்து, டிஸ்க் சுழன்று, படம் தொடங்க இருபது நொடி அளவில் ஆகும். முழுதாக அணைத்தால் இன்னும் ஒன்றிரண்டு வாட் குறையும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கு மேல் மகள் காத்திருக்க வேண்டும். அந்த மிச்சத்துக்கு அது தகாது.

பொத்தானை அழுத்தும் வேலையே மகளுக்கு இல்லாமல் செய்யவும் வழி உண்டு. ஆர்டிசிவேக் கட்டளை மதர்போர்டு கடிகாரத்தில் அலாரம் வைக்கும். தூங்கப் போகும் முன் அடுத்த அலாரத்தை வைக்கும்படி சிறிய ஸ்கிரிப்ட் எழுதி ஆட்டோசஸ்பெண்டோடு இணைத்துவிடுங்கள். நேரத்தை இந்திய நேரத்தில் எழுதாதீர்கள். ஜெர்மனி கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாறும். அலாரத்தைப் பெர்லின் நேர மண்டலத்தில் மாலை 6.45 என்று கணக்கிடச் செய்தால், நம் கடிகாரத்தில் அது இரவு 10.15 ஆகவும் 11.15 ஆகவும் தானே மாறிக்கொள்ளும். ஜெல்லிஃபினின் நூலக ஸ்கேன் வேலையையும் இந்த நேரத்தை ஒட்டியே வையுங்கள். நள்ளிரவு 3 மணி என்று பழைய நேரத்தில் விட்டால் அந்த நேரத்தில் சர்வர் தூங்கிக்கொண்டிருக்கும், புதிதாகப் போட்ட வீடியோ பட்டியலில் சேராது.

மின்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை நிறுத்தும் நாளில் இன்வர்ட்டர் தீர்ந்து எல்லாம் அணைந்துபோனால், மின்சாரம் திரும்பியதும் பல மதர்போர்டுகளில் நெட்வொர்க் கார்டு எழுப்பும் செய்திக்குத் தயாராக இருக்காது. ஒரு முறை உபுண்டு ஓடி முடித்தால்தான் தயாராகும். ஆகவே பயாஸில் ‘ரெஸ்டோர் ஏசி பவர் லாஸ்’ என்பதை ‘பவர் ஆன்’ ஆக்குங்கள். மின்சாரம் வந்ததும் சர்வர் தானே எழும், 20 நிமிடம் யாரும் கூப்பிடாவிட்டால் தூங்கும், அதன்பின் எப்போது கூப்பிட்டாலும் எழும். இன்வர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். மற்ற மோடில் மாறும் நேரம் நீளம், அந்த இடைவெளியில் கணினி அணைந்துபோகலாம். ஃபைபர் பெட்டியையும் பையையும் சின்ன ரவுட்டர் யூபிஎஸ்ஸில் போடுங்கள். பை 3க்கு 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தரும் முகப்பு அதில் இருக்க வேண்டும். பையின் மெமரி கார்டு திடீர் மின்வெட்டில் கெடக்கூடும். எல்லாம் நிறுவி முடித்தபின் பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கினால் கார்டில் எழுதுவதே நின்றுவிடும். டெய்ல்ஸ்கேலில் பையைச் சேர்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். முன்பே செய்தால் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் புதிய கணினியாகக் கேட்டு நிற்கும்.

மகளிடம் சொல்வதற்கு முன் உங்கள் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் மூன்று சோதனை செய்யுங்கள். தூங்கும் சர்வரை எழுப்பிப் பாருங்கள். முழுதாக அணைத்துவிட்டு எழுப்பிப் பாருங்கள். பிறகு சர்வரைத் தூங்க வைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகி, அது தானே எழுந்து தூங்கிய பின் எழுப்பிப் பாருங்கள். மூன்றாவதில்தான் பெரும்பாலும் சிக்கும். சிக்கினால் நெட்பிளான் வரியையும் ஈஆர்பியையும் மறுபடி பாருங்கள்.

ஒரு வாரம் ஓடியபின் ஸ்மார்ட் பிளக்கின் மணிவாரி வரைபடத்தைத் திறங்கள். பகல் முழுக்க 3 வாட்டை ஒட்டித் தரையில் கிடந்து, இரவில் 55ஐச் சுற்றி ஒரு மேடு தெரிந்தால் எல்லாம் சரி. பகலில் 50 வாட் மேடு வந்தால் ஆட்டோசஸ்பெண்டின் பதிவைப் படியுங்கள், எந்தக் காரணத்தால் விழித்திருக்கிறது என்று பெயரோடு எழுதியிருக்கும். இரவு மேடு 90ஐத் தொட்டால் ஏதோ ஒரு கோப்பு இன்னும் டிரான்ஸ்கோடிங்கில் போகிறது. எந்த வீடியோ என்று மகளிடம் கேட்டு, அதையும் ஹேண்ட்பிரேக்கில் போட்டுவிடுங்கள்.